ஐந்தாவது படி

எங்கள் மளிகைக்கடைக் கிடங்கில் இருக்கும் ஏணிக்கு நான்கு படிகள். இந்த மாதம் அதிலிருந்து விழுந்த மூன்று பேருமே ஐந்தாவது படியில் கால் வழுக்கியதாகச் சொன்னார்கள். விபத்துப் பதிவேட்டை நிரப்புவது என் வேலை.

மூன்றாவதாக விழுந்தவர் பில் போடும் அக்கா. மணிக்கட்டு உடைந்துவிட்டது; கட்டுப் போட்டுக்கொண்டு லீவு கேட்க வந்திருந்தார்.

"நாலுன்னு போடுப்பா. இல்லாத படியிலேருந்து விழுந்தாங்கன்னு எழுதினா மேலிடத்துல லீவு தர மாட்டாங்க. விட்டா அடுத்த மாசம் ஆறாவது படிம்பாங்க," என்றார் மேனேஜர்.

"எண்ணிக்கிட்டேதான் ஏறினேன் தம்பி. நீயுமா என்னைப் பொய்க்காரி ஆக்குவே?" என்றார் அக்கா.

என் எண்ணிக்கையை நானே நம்புவதில்லை. அதனால் கீழே நின்று மூன்று முறை எண்ணினேன். நான்கு. பிறகு வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். ஐந்து.

அக்கா நல்ல கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து இறங்கு," என்றார். இறங்கும்போதும் எண்ணினேன். நான்கிலேயே தரை வந்துவிட்டது.

பதிவேட்டில் ஐந்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கடை வேலை முடிந்து, கல்லூரியின் மாலை வகுப்பில் இருக்கிறேன். தினமும் உட்காரும் அதே பெஞ்சுதான். அதன் அடியில் என் வலது கால் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருக்கிறது.