அளவு தப்பாத கை

"கீ சேரலையாம்ங்க," என்று மூச்சு வாங்க வந்து நின்றாள் மனைவி.

பிளம்பருக்குச் சுருக்கென்றது. மாடி வீட்டு ஷவர் வால்வு அவர் கையால் மாட்டியது. கைப்பிடிக்கு அடியில் ஒரு பொடித் திருகாணி, அதைக் கழற்ற இரண்டரை எம்.எம். ஆலன் கீ என்ற ஆறுபட்டைச் சாவி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதைத்தான் பையிலிருந்து எடுத்து, துடைத்து, துணியில் முடிந்து கொடுத்தனுப்பினார். சேரவில்லையாம்!

மாடியில் இருப்பது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி. பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மாடிக்குக் குடிவந்த அன்று கூடம் முழுக்க மாமனார் வீட்டு ஆட்கள். அண்ணன் ஏதோ யோசனை சொல்லப் போக, "குழாய் திருகுறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டான். நாலு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். குழாய் திருகித்தானே அவனைப் படிக்க வைத்தார்! அன்று இறங்கி வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

இப்போது சின்னவனுக்கு வெளியூருக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். போகிறவன் போகட்டும் என்று வாய்தான் சொன்னது, நாலு நாளாகப் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். ஒரு தடவை மேலே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று மனைவி கெஞ்சாத நாளில்லை. அவன் இறங்கி வந்து கூப்பிடட்டும் என்று இவர் விறைத்துக்கொண்டார். அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவன் கூனிக் குறுகுகிறான் என்று அவள் சொன்னதை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்று காலையில், மாடியில் ஷவர் ஒழுகுகிறது, குடிவருகிறவர்களுக்குச் சரி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று செய்தி கொண்டுவந்தவளும் அவள்தான். நான் வரமாட்டேன், சாமான் தருகிறேன், அவனே கழட்டிக்கொள்ளட்டும் என்றுவிட்டார் பிளம்பர். அதில்தான் முதல் சாமானே சேரவில்லை என்கிறாள்.

"கீ எங்க?"

"மேலயே இருக்கட்டும்னு வச்சிட்டு வந்துட்டேன்."

உப்புத் தண்ணீர் ஆயிற்றே, திருகாணிக் குழியில் உப்பு அடைத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்து, இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் ஊற வைக்கச் சொன்னார். குறடைப் போட்டு இழுத்துத் தொலைக்கப் போகிறான், பளபளப்பு போய்விடும், அதையும் சொல் என்றார்.

முட்டி வலிக்காரி, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். அசையவில்லையாம்.

நீளக் கைப்பிடி போட்ட கீயை எடுத்துக் கொடுத்தார். இதற்கு மசியாத திருகாணி இன்னும் பிறக்கவில்லை என்று வீறாப்பாகச் சொல்லியும் அனுப்பினார். அதற்கும் போய்விட்டு வந்தாள். இந்தத் தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கினாள்.

"என்ன, சொல்லு."

"அண்ணனுக்கு அளவெல்லாம் மறந்துபோச்சு போலன்னு சின்னவரு சிரிக்கிறாருங்க."

அவ்வளவுதான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். யாரைப் பார்த்து அளவு மறந்துவிட்டது என்கிறான்? இவனுக்குக் கால்சட்டை அளவு பார்த்துத் தைக்கக் கொடுத்ததே இந்தக் கைதானே!

குளியலறை வாசலில் தம்பி நின்றிருந்தான். இவரைக் கண்டதும் அவன் கண் கலங்கியது. இவர் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனார். தண்ணீரை ஏற்கனவே அடைத்து வைத்திருந்தான். திருகாணி விழுந்து ஓடிவிடாமல் தரைத் துளையைத் துண்டால் மூடியிருந்தான். லீவு நாட்களில் அண்ணன் பின்னால் பை தூக்கிக்கொண்டு வந்தபோது பார்த்த பழக்கம். அதை இன்னும் மறக்கவில்லை, பயல்.

வால்வைத் தடவிப் பார்த்தார். திருகாணியில் ஒரு கீறல் இல்லை. எண்ணெய்கூட விடவில்லை, சோம்பேறி. பையில் இருந்த இன்னொரு இரண்டரை எம்.எம். கீயை நுழைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சேருதா இல்லையா, பாரு," என்றார். இரண்டு வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உங்க கை அளவு தப்புமாண்ணே?" என்றான் அவன். அப்புறம் குரல் உடைந்தது. "தப்பினது என் வாய்தான். அன்னிக்கு நான் பேசினதுக்கு..."

"பழசைக் கிளறாத. டார்ச்ச நேராப் பிடி."

நேராகப் பிடித்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் நீர் திரண்டிருந்தது. தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றி, வால்வை மாட்டித் தண்ணீரைத் திறந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. போகிற ஊரில் தண்ணீர் எப்படி, வீடு எப்படி என்றெல்லாம் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட நானே வருகிறேன் என்று அவன் முதுகில் தட்டிவிட்டு இறங்கினார்.

படி திரும்புகிற இடத்தில், பூந்தொட்டிக்குப் பின்னால் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தார். நீளக் கைப்பிடிக் கீ, எண்ணெய்ப் புட்டி, பக்கத்தில் துணி முடிச்சு. காலையில் அவர் போட்ட முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவே இல்லை.

"மேல வேற ஏதாவது வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மூணு தடவை மாடி ஏறி எனக்கு முட்டி விட்டுப்போச்சு."