ஸ்டாண்டு வேண்டாம்

"ஸ்டாண்டு வேண்டாம் அண்ணாச்சி."

செண்பகராஜுக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கோவில்பட்டியில் பிரிட்ஜ், மிக்ஸி கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. பிரிட்ஜுக்கு அடியில் வைக்கும் ஸ்டாண்டு எங்கே, கவர் எங்கே என்று சண்டை போட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறார். இனாமாகக் கொடுப்பதை வேண்டாம் என்ற முதல் ஆள் இந்தக் கல்யாணசுந்தரிதான்.

"ஃப்ரீதாம்மா. காசு கிடையாது."

"இருக்கட்டும். உசரம் கூடிரும்."

பக்கத்தில் நின்ற புருஷன் நவநீதகிருஷ்ணன் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. கடை நடுவில் ஆளுயரத்துக்கு நின்ற டபுள் டோர் பிரிட்ஜ்மேலேயே அவர் கண். எதிர்வீட்டு அழகிரிசாமி போன மாசம் அதே மாதிரி ஒன்றை வாங்கி, ஹாலில் தெருவைப் பார்த்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"இதையே போடுங்க அண்ணாச்சி. ஜன்னலுக்கு நேரா வச்சா, தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும்."

"தெருவுல போறவனா வந்து மோர் குடிக்கப் போறான்?" என்றாள் கல்யாணசுந்தரி. "அந்த மூலையில நிக்கிற குட்டையைக் காட்டுங்க."

காட்டியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தச் சின்ன பிரிட்ஜ் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, கதவின் கீழ்த்தட்டில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்து எடுத்துப் பார்த்தாள்.

மிக்ஸி வாங்க வந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏட்டி, எந்திரி. மானம் போகுது." நவநீதகிருஷ்ணன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"சின்னது இதும்மா," என்றார் செண்பகராஜ். "வீட்டுல எத்தன பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, இவிய தங்கச்சி ஒருத்தி. அவளுக்காகத்தான் பிரிட்ஜே வாங்குதேன்."

"நல்ல மனசும்மா."

"மனசுமில்ல, மண்ணுமில்ல. விடிஞ்சா அடைஞ்சா 'மதினி மோரு, மதினி பாலு, மதினி பழம்'னு என்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இனிமே அந்தச் சத்தமே வீட்டுல கேக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"கேட்டீங்களா அண்ணாச்சி?" நவநீதகிருஷ்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "தாய் தகப்பன் இல்லாத புள்ள. ஒரு டம்ளர் மோரு எடுத்துக் குடுக்க இவளுக்குக் கை வலிக்குது."

"நீங்க ஒருநா எடுத்துக் குடுத்திருக்கீங்களா?"

"நான் வேலைக்குப் போறவன்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

நவநீதகிருஷ்ணன் மறுபடி மின்விசிறிக்குப் போய்விட்டார்.

செண்பகராஜால் சும்மா இருக்க முடியவில்லை. பிரிட்ஜோடு புத்தியும் சேர்த்து விற்பது அவர் வழக்கம். "நாத்தனாவும் பொறந்தவ மாதிரிதாம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"அனுசரிச்சுப் பாத்து முடியாமத்தான் ஒங்க கடைக்கு வந்திருக்கேன். பூட்டு இருக்குல்லா? சாவி ரெண்டையும் எங்கிட்ட குடுங்க."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சரிதான், இனி அந்தப் பெண்ணுக்கு மோரும் கிடையாது என்று செண்பகராஜ் முடிவே கட்டிவிட்டார்.

சாயங்காலம் வண்டியில் பிரிட்ஜை ஏற்றி அனுப்பியபோது ஆட்களோடு அவரும் ஏறிக்கொண்டார். அந்தப் பாவப்பட்ட பெண்ணை ஒரு கண் பார்த்துவிட வேண்டும். இனாம் ஸ்டாண்டையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஊரில் இல்லாத வழக்கத்தை இவள் என்ன புதுசாக ஆரம்பிப்பது?

வீட்டில், சமையல்கட்டு வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸ் கொடுத்த கட்டைச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள் நாத்தனார் முத்துசெல்வி. இருபத்திரண்டு வயசு இருக்கும். இத்தனை ஆம்பிளைகள் உள்ளே வந்தும் எழுந்திருக்கவில்லை. எந்திரிக்கக்கூட விடாம வேலை வாங்குதாளே என்று செண்பகராஜ் பல்லைக் கடித்தார்.

"இங்கன வைங்க." கல்யாணசுந்தரி காட்டியது ஜன்னல் பக்கமும் இல்லை, சமையல்கட்டும் இல்லை. முத்துசெல்வி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி. "அடுப்படிப் படி ஒரு முழ உசரம். அதுக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும்."

"ஜன்னல் பக்கமா கொஞ்சம்..." என்று நவநீதகிருஷ்ணன் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. கல்யாணசுந்தரி மோர்ச் செம்பையும் டம்ளர்களையும் கொண்டுவந்து கீழ்த்தட்டில் வைத்துக் கதவை மூடினாள்.

"ஏட்டி செல்வி, தொறந்து பாரு."

முத்துசெல்வி கட்டையை ஓரமாக நகர்த்தினாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினாள். சூம்பிப்போன கால்களை இழுத்துக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து பிரிட்ஜ் முன்னால் வந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள், காலையில் கடையில் அவள் மதினி நீட்டிய மாதிரியே.

கதவு திறந்தது.

செண்பகராஜ் கையிலிருந்த ஸ்டாண்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, மோரு குடிங்க. இன்னும் குளிரல, இருந்தாலும் குடிங்க." டம்ளரை நீட்டியபோது முத்துசெல்வியின் முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வந்தவருக்கு அவள் தன் கையால் எடுத்துக் கொடுத்த முதல் டம்ளர் அது. அண்ணனுக்கும் ஒன்று நீட்டினாள். நவநீதகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார்.

கல்யாணசுந்தரி முந்தானையை அவிழ்த்து, சாவி இரண்டையும் நாத்தனார் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். போனவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏட்டி செல்வி, மதினிக்கு மோரு!"