ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஓர் ஆறு. அதன் இரு கரையிலும் விமானங்களுக்கு வழி சொல்லும் கோபுரங்கள் இரண்டு: இக்கரையில் நெட்டை, அக்கரையில் குட்டை. ஆறுதான் எல்லை. அக்கரை வானத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது நெட்டையின் கொள்கை. குட்டையோடு அது ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஓடுதளமோ அக்கரையில் இருந்தது. எந்த விமானமானாலும் ஆற்றின் கோடிவரை சுற்றிப் போய்த்தான் தாண்ட வேண்டும். என்றோ வகுத்து வைத்த ஒரே வழி அது.

ஒரு மழைநாளில் தபால் விமானம் ஒன்று நெட்டையின் பக்கம் திணறிக்கொண்டு வந்தது.

"அண்ணே, எதிர்க்காத்துல பெட்ரோல் தீரப்போகுது. நேரா விட்டீங்கன்னா இறங்கிடுவேன். சுத்திப் போகத் தெம்பில்லை."

நேராக விடலாம். ஆனால் மேகத்துக்கு அந்தப் பக்கம் எது வருகிறதோ? அது குட்டைக்குத்தான் தெரியும்.  நெட்டை வீம்பை விட்டுவிட்டுக் குட்டையைக் கூப்பிட்டது.

"தம்பி, எதிர்க்கரையிலேர்ந்து பேசறேன். நம்ம பிள்ளை ஒண்ணு..."

"சொல்லுங்கண்ணே!" குட்டை முடிக்கவிடவில்லை. "எதிர்ல ஒரு சரக்கு விமானம் வருது. அதை மேலே ஏத்திடறேன். நீங்க நேரா அனுப்புங்க."

தபால் விமானம் பத்திரமாக இறங்கியது.

"உங்க பக்கத்துலேர்ந்து வர்றது மேகத்தைவிட்டு வெளியே வர்றவரைக்கும் தினமும் எனக்குப் பயமாவே இருக்கும்ணே," என்றது குட்டை.

 நெட்டைக்கும் தினமும் அப்படித்தான். தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. வானத்தில் ஒரு விமானமும் இல்லை. நெட்டை கூப்பிட்டது.

"என்னண்ணே, யார் வர்றாங்க?"

"யாரும் வரலை தம்பி. சும்மாதான் கூப்பிட்டேன்."