ஏழாம் அத்தியாயம்

"ஏழாம் அத்தியாயத்தை மட்டும் விட்டுடுங்க, மேடம்," என்று மூன்றாவது முறையாக ஃபோனில் கெஞ்சினான் ஆர்தெமியோ. அவன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் எங்கெங்கோ பரிசு வாங்கியிருந்தது. அதை அவனுடைய சொந்த மொழியான ஃபிலிப்பினோவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள் மாரிசெல். "அம்மாவால படிக்க முடியாதுங்கிற தைரியத்துலதான் அதை இங்கிலீஷ்ல எழுதினேன். இப்ப படிச்சா உயிரையே விட்டுடுவா."

அந்த அத்தியாயத்தில் மீன் விற்கிற ஒரு தாய் தன் ஐந்து வயது மகனைத் தேவாலய வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். மழை கொட்டுகிறது. சாயங்காலம்தான் மனம் மாறித் திரும்பி வருகிறாள்.

பாத்திரங்களின் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அப்படிப் பேசுகிறவர்களிடமே வாசித்துக் காட்டுவது மாரிசெல்லின் வழக்கம். எல்லாம் கற்பனை என்று நம்பி, போன வாரம் நவோத்தாஸ் சந்தையில் அவன் அம்மாவின் மீன் கடைக்கே போயிருந்தாள். அந்த அம்மாள் செதில் சீவிக்கொண்டே ஏழாம் அத்தியாயத்தைக் கேட்டாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு மழையே இல்லம்மா. நான் எங்கேயும் போகவும் இல்ல. பொழுதுக்கும் எதிர்த் தூணுக்குப் பின்னாடி நின்னு அவனையேதான் பார்த்துட்டிருந்தேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" ஃபோனில் ஆர்தெமியோ அவசரப்பட்டான். "எடுத்துடுவீங்கல்ல?"

செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்த அந்தப் பக்கத்தில், மாரிசெல்லின் பென்சில் 'மழை' என்ற சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது.