யாருன்னு மட்டும் சொல்லு

மாதக் கடைசியானால் அக்கா தான் படித்ததையும் தம்பி காதில் மாட்டிக்கொண்டு கேட்டதையும் ஒரே பட்டியலாக எழுதி வாசகர் குழுவுக்கு அனுப்புவாள். ஒலிப்புத்தகக் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். பந்தய வீரர்களின் கதை என்றால் தம்பி கடைசி நொடிவரை கேட்பான். கொலைக்கதையில் மட்டும் கடைசி அத்தியாயம் வரை பொறுமை இருக்காது. "யாருன்னு மட்டும் சொல்லுக்கா" என்று செய்தி அனுப்புவான்.

"இதுக்கு எதுக்குடா உனக்குப் புத்தகம்?" என்று திட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

காலை ஓட்டத்துக்குப் போனவனை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வண்டி இன்னும் அகப்படவில்லை. கணக்கில் அவன் கேட்கும் பட்டியல் மட்டும் நிற்கவில்லை. மாதம் இரண்டு கொலைக்கதை, ஒரு விளையாட்டுப் புத்தகம். அவன் எண்ணிலிருந்து செய்தியும் வந்தது. அவளும் வேறென்ன செய்வாள், கொலைகாரன் பெயரை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் ஒரே ஒரு புத்தகம். தலைப்பில்லை, எழுதியவர் பெயரில்லை. போட்டுக் கேட்டாள். ஓடுகிறவனின் மூச்சிரைப்பு, பின்னால் நெருங்கும் வண்டி. கடைசி அத்தியாயம் வழக்கம்போல் கேட்கப்படாமல் கிடந்தது. அதையும் அழுத்தினாள். வண்டி தூரமாகப் போகும் சத்தம், அவ்வளவுதான்.

கைபேசி அதிர்ந்தது.

"யாருன்னு மட்டும் சொல்லுக்கா."