ஊர் விசாரித்த சிலந்தி

நீங்கள் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். ஒரு வீட்டில், கண்ணாடித் தொட்டிக்குள் டாரன்டுலா சிலந்தி ஒன்று செல்லமாக வளர்ந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர். பத்து நாள் பட்டினி கிடந்தாலும், ஊர் விசாரிக்காமல் எதையும் வாயில் வைக்காது.

அன்று வீட்டுக்காரர் ஒரு கரப்பானையும் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியையும் உள்ளே போட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று கரப்பானைக் கேட்டது சிலந்தி.

"பக்கத்து வீட்டு அடுப்படி, அண்ணாச்சி. நேத்துதான் அங்கே பூச்சி மருந்து அடிச்சாங்க. சொந்தபந்தம் எல்லாம் மல்லாந்துடுச்சு. நான் மட்டும் முழுக்க நனைஞ்சு தப்பிச்சேன்."

சிலந்தி எட்டுக் காலையும் பின்னால் இழுத்துக்கொண்டது. "உன்னைத் தின்னா நானும் மல்லாந்துடுவேன். அந்த மூலைக்குப் போயிடு ராசா, என்னைத் தொட்டுடாதே."

சுவர்க்கோழி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறந்தது முதல், இரைக்குப் பூச்சி வளர்த்து விற்கும் கடையின் பெட்டியைத் தாண்டாத பிள்ளை அது. ஆனாலும் உயிர் ஆசை யாரை விட்டது?

"நானும் அதே அடுப்படிதான் அண்ணாச்சி! நானும் நனைஞ்சேன்!" என்று முந்திக்கொண்டது.

"அடடா!" சிலந்திக்கு ஆவல் தாங்கவில்லை. கிட்டே வந்து உட்கார்ந்தது. "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்த மருந்து எப்படித்தான் மணக்கும்?"

சுவர்க்கோழி யோசித்தது. அதற்குத் தெரிந்த மணம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"கேரட் மாதிரி, அண்ணாச்சி."

"அட, கடைப் பெட்டியில கேரட் போட்டு வளர்த்த பிள்ளையா நீ! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" சிலந்தி முன்காலைத் துடைத்துக்கொண்டது. "வா ராசா, வா. சாப்பிடலாம்."