கிளையில் இடித்த ட்ரோன்

"பட்டப்பகல்ல கிளையில இடிச்சிருக்கீங்களே, கவனம் எங்க போச்சு?"

பழுதுபார்ப்பவர் சிரித்தார். மீட்புக்குழுக்காரர் ட்ரோனை மேசையில் வைத்தார்.

கேமராவைத் தாங்கும் கிம்பல் சாய்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் நெளிந்த கம்பியை நிமிர்த்தினார். நழுவிய ரப்பரை மாட்டினார். திரையில் படம் நேராக நின்றது.

"இடிக்கிறதுக்கு முன்னாடியே படம் ஆடிச்சான்னு பார்த்துடுவோம்" என்று கடைசிப் பதிவை ஓட்டினார்.

வெள்ளக் காட்சி ஆடாமல் அசையாமல் தெளிவாகத் தெரிந்தது. புதரில் மஞ்சள் சட்டையோடு ஓர் உடல் சிக்கிக் கிடந்தது. கேமரா அதன் முகத்தை நெருங்கியது. மறுநொடி திரை தலைகீழானது.

"ஐயோ! யாருங்க அது?"

"என் தம்பி."

பழுதுபார்ப்பவர் திரையை அணைத்தார்.

மீட்புக்குழுக்காரர் கையை நீட்டினார்.

"கொடுங்க. இன்னும் ரெண்டு வீட்டுல காணாமப்போனவங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."